குறுக்குவில்லும் குறைந்த வலிமையும்

1503ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் கொச்சியில் ஒரு மரக்கோட்டை எழுப்பினர். மறு ஆண்டு கோழிக்கோட்டுச் சாமூதிரி படையெடுத்து வந்தபோது, துவார்த்தே பச்செகோ பெரைரா என்னும் தளபதி, நூற்றைம்பதுக்கும் குறைவான தன் நாட்டு வீரரோடும் கொச்சி மன்னரின் துணையோடும் எதிர்த்து நின்றான். அக்காலப் போர்த்துகீசியக் கப்பல்களில் துப்பாக்கியோடு குறுக்குவில்லும் வந்தது.

ஒரு கட்டையின் நுனியில் வில்லைக் குறுக்காகப் பொருத்தினால் அது குறுக்குவில். சாதாரண வில்லில், இழுத்த நாணை அம்பு விடும்வரை கையே தாங்க வேண்டும். இதிலோ நாண் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். எய்பவர் பதற்றமின்றிக் குறிபார்க்கலாம். சிலப்பதிகாரமும் மதுரைக் கோட்டையின் பொறிகளுள் வளைவிற் பொறி என ஒன்றைக் குறிப்பிடுகிறது. தானே வளைந்து அம்பெய்யும் எந்திரவில் என்பது அதற்குத் தரப்படும் விளக்கம். ஆயினும் மனிதன் கையாளும் குறுக்குவில்லில், நாணை முதலில் இழுத்துப் பூட்டுவது கடினமான வேலை. முதியோரும் தோள்வலி உடையோரும் அங்கேதான் தயங்குகின்றனர்.

ஐரோப்பியர் இதற்குப் பல வழிகள் கண்டனர். முதலாவது, வில்லின் முனையிலுள்ள வளையத்தில் காலை வைத்து, இடுப்புக் கச்சையிலுள்ள கொக்கியை நாணில் மாட்டிக் குனிந்து நிமிர்தல். கைக்குப் பதிலாகக் காலும் முதுகும் உழைக்கும். இரண்டாவது, ஆட்டுக்கால் எனப்பட்ட நெம்புகோல். மூன்றாவது, கப்பியும் கயிறும் கொண்ட சுழல்பொறி. நான்காவது, பற்சக்கரமும் பல்வரிசைத் தண்டும் கொண்ட பொறி. 1903இல் குறுக்குவில் பற்றிய நூலை வெளியிட்ட ஆங்கிலேயர் ரால்ப் பெய்ன்-கால்வே, 1,200 பவுண்டு இழுவிசையுள்ள பழைய வில்லொன்றைச் சுழல்பொறியால் பூட்டி எய்தார். வெறுங்கையால் எவரும் அதை அசைத்திருக்க முடியாது.

இவற்றுள் பின்னைய மூன்றின் தத்துவம் ஒன்றே: விசை குறைந்தால் கை கடக்கும் தூரம் கூடும். நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தையும் கொச்சிக் கடற்கரையின் சீனவலையையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் எதிர்ப்பாரம் மனிதனின் சுமையைக் குறைக்கிறது. இரண்டிலும் ஆள் மரத்தின்மேல் நடந்து அதைத் தாழ்த்துவதுண்டு.

இன்று விற்கப்படும் துணைக்கருவிகள் பெரும்பாலும் இருவகை. கயிற்றுக் கருவியில் இரு கொக்கிகளும் சிறு கப்பிகளும் உண்டு. இது இழுவிசையை ஏறத்தாழப் பாதியாக்கும். 150 பவுண்டு வில்லுக்கு 75 பவுண்டு இழுத்தால் போதும். நாண் 30 சென்டிமீட்டர் நகரக் கைகள் 60 சென்டிமீட்டர் நகர வேண்டும். கைப்பிடிச் சுழல்பொறி விசையைப் பத்தில் ஒன்றாக்குமெனில், 15 பவுண்டே தேவை; ஆனால் கை மூன்று மீட்டர் கடக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் நீளக் கைப்பிடிக்கு இது ஏறக்குறைய ஐந்து சுற்று. உராய்வினால் நடைமுறையில் சற்று மிகுதியாகும்.

எதைத் தேர்வது? முதுகும் முழங்காலும் நலமாய் இருந்து, கை மட்டும் தளர்ந்தோருக்குக் கயிறு போதும். அது இலகுவானது, விரைவானது. குனிய இயலாதோருக்கும் தோளில் நோயுற்றோருக்கும் சுழல்பொறியே பொருந்தும்; எடையையும் தாமதத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று தாக்காதபடி தடுக்கும் பல்தடை உள்ளதா, எய்யாமலே நாணைத் தளர்த்த முடியுமா என்பவற்றை விசாரித்தறிக. இருபுறமும் நாண் சமமாக இழுபட வேண்டும். இல்லையேல் கணை விலகிச் செல்லும். கணையின்றி விசையை அழுத்தினால் வில் முறியலாம். விரல்கள் நாணின் பாதையில் ஒருபோதும் இருத்தலாகாது.

வேட்டைக்கு இது உதவுமா என்று நேயர்கள் கேட்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் அதற்கு இடம் தரவில்லை. வேட்டைக்காரர் இக்கருவிகளைத் தேடுவது சட்டம் அனுமதிக்கும் அயல்நாடுகளில். எனினும் மூட்டை தூக்குவோரும், நீர் இறைப்போரும், முதுமையில் வீட்டுவேலை செய்வோரும் இக்கணக்கை அறிந்திருத்தல் நன்று. ஆகவே கருவி வாங்குமுன், தம் உடலில் எந்த உறுப்பு தளர்ந்துள்ளது, எது இன்னும் உழைக்கவல்லது என்பதை முதலில் தெளிந்துகொள்க. தளர்ந்த உறுப்பைக் காத்து, வல்ல உறுப்புக்கு வேலை தருவதே ஏற்ற கருவி.