மின்னஞ்சல் இணைப்பு தடைபடுவது ஏன்?

கிள்ளான் துறைமுகத்தைச் சார்ந்த சரக்கு முகவர் அலுவலகங்களிலும், நம் தோட்ட அலுவலகங்களிலும், தாள்களைச் சுமந்து செல்லும் வேலையைப் பெரும்பாலும் மின்னஞ்சலே இன்று செய்து வருகிறது. சரக்கு ஏற்றுச்சீட்டு, விலைப்பட்டியல், சம்பளக் கணக்கு, மருத்துவச் சான்றிதழ் ஆகியவை கடிதத்தோடு இணைக்கப்பட்ட கோப்புகளாகவே செல்கின்றன. கடிதம் சேர்ந்து, இணைப்பு மட்டும் சேராமற்போனால் விளையும் இழப்பு சிறிதன்று. உரிய தாள்கள் வந்து சேராத கொள்கலன் துறைமுக முற்றத்திலேயே கிடக்கும். சலுகை நாட்கள் கடந்தபின் அதன் வாடகை நாள்தோறும் ஏறும்.

தொழிலாளி ஒருவர் வேலையில் விபத்துக்குள்ளானால், அச்செய்தியை அறிந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி அதனைச் 'சொக்சோ' நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தோட்டக் கிராணி அனுப்பிய மருத்துவத் தாள்கள் தலைமை அலுவலகத்தின் கணினி வாயிலிலேயே தடுக்கப்பட்டிருக்க, அவை போய்ச் சேர்ந்துவிட்டன என்று அவர் எண்ணியிருந்தால், அல்லற்படுபவர் காயமுற்ற தொழிலாளியே ஆவார்.

தடை தோன்றிய வரலாறு

2000-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்ட ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது. 'ஐ லவ் யூ' என்பது அதன் தலைப்பு. காதல் கடிதம் என்று பெயரிடப்பட்ட ஓர் இணைப்பு அதில் இருந்தது. அப்பெயரின் இடையில் 'டி.எக்ஸ்.டி.' என்று சாதாரண எழுத்துக் கோப்புக்குரிய குறியும், இறுதியில் 'வி.பி.எஸ்.' என்று கட்டளை நிரலுக்குரிய குறியும் இருந்தன. பல கணினிகள் இறுதிக் குறியை மறைத்துக் காட்டியமையால், மக்கள் அதனை வெறும் கடிதமென்று நம்பித் திறந்தனர். நிரலோ கணினியிலிருந்த கோப்புகளைக் கெடுத்ததோடு, முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. சில நாட்களுக்குள் பல இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. அதன்பின், அதே ஆண்டில், தானே இயங்கக்கூடிய கோப்புகளைத் தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் 'அவுட்லுக்' மென்பொருளில் சேர்த்தது.

ஆகவே, இணைப்பைத் தடுக்கும் ஏற்பாடு நம்மைத் தொல்லைப்படுத்த வந்ததன்று. அது வாயிற்காவலனைப் போன்றது. காவலன் எதற்காக நிறுத்தினான் என்று அறிந்தால், உரிய வழியில் உள்ளே செல்லலாம்.

தடைக்கான காரணங்களும் தீர்வுகளும்

இணைக்கும்போதே தடை ஏற்பட்டால், முதலில் கோப்பின் அளவைக் காண வேண்டும். ஜிமெயில் 25 மெகாபைட் வரை ஏற்கிறது. அலுவலக அஞ்சல்கள் பல அதனினும் குறைவாகவே ஏற்கின்றன. மின்னஞ்சலில் செல்லும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்படும்போது, மூன்று பைட்டுகள் நான்காகின்றன. அதாவது, 18 மெகாபைட் கோப்பு வழியில் ஏறக்குறைய 24 மெகாபைட் ஆகிவிடும். தாள்களை நகலெடுக்கும் கருவியில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பதை 150 ஆகக் குறைத்தால், புள்ளிகளின் மொத்த எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காகிவிடும். சாதாரண அச்செழுத்தைப் படிக்க அதுவே பெரும்பாலும் போதும்.

அளவு சரியாக இருந்தால், அடுத்து வகையைக் காண வேண்டும். 'இ.எக்ஸ்.இ.', 'பி.ஏ.டி.', 'ஜே.எஸ்.' என முடியும் கோப்புகள் கணினியில் கட்டளைகளை இயக்க வல்லவை. ஆதலால் அவை பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. உள்ளே தானியங்கிக் கட்டளைகள் அடங்கிய கணக்குத் தாள்களும் ஐயத்துக்குரியவையே. கணக்கைக் காட்டுவது மட்டுமே நோக்கமானால், அதனைப் 'பி.டி.எஃப்.' கோப்பாக மாற்றி அனுப்புவது சாலச் சிறந்தது. கடவுச்சொல்லிட்டுக் கட்டிய 'ஸிப்' கோப்பின் உள்ளே பார்க்கச் சோதனை நிரலால் இயலாது. எனவே, அதுவும் தடுக்கப்படலாம்.

கடிதம் திரும்பி வந்தால், அதனை அழித்துவிடாமல் முழுவதும் படிக்க வேண்டும். பெறுபவரின் பெட்டி நிறைந்துள்ளதா, அளவு மிகுந்ததா, வகை ஒவ்வாததா என்பது பெரும்பாலும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கடிதம் மட்டும் சேர்ந்து இணைப்பு காணப்படாவிட்டால், அது பெறுபவரின் அலுவலகத்தில் தனியே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். அனுப்பியவர் முகவரி, நாள், நேரம், கோப்பின் பெயர் ஆகிய நான்கையும் கணினிப் பொறுப்பாளரிடம் கொடுத்தால், அவர் சோதித்து விடுவிப்பார். 'வின்மெயில்.டாட்' என்ற பெயரில் ஏதேனும் வந்தால், அது அனுப்பியவரின் 'அவுட்லுக்' அமைப்பால் நேர்வது. 'எச்.டி.எம்.எல்.' முறையிலோ வெறும் எழுத்து முறையிலோ மீண்டும் அனுப்பும்படி அவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

செய்யத் தகாதவை

கோப்பின் இறுதிக் குறியை மாற்றிக் காவலை ஏமாற்ற முயல்வது தவறு. நிரல் கோப்பு எப்பெயர் பூண்டாலும், அதன் தொடக்கத்தில் உள்ள அடையாள எழுத்துகளைக் கொண்டே இக்காலச் சோதனை நிரல்கள் அதனைக் கண்டுபிடித்துவிடும். தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்ணும் மருத்துவ விவரமும் அடங்கிய தாள்களைச் சொந்த அஞ்சல் முகவரி வழியாக அனுப்புவதும் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2010-ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் உண்டு. பெரிய கோப்பாயின், நிறுவனம் அனுமதித்த பொதுச் சேமிப்பிடத்தில் இட்டு, உரியவருக்கு மட்டும் திறக்கும் இணைப்பு முகவரியை அனுப்பலாம்.

தடையின்றி வந்தது என்பதனாலேயே ஒரு கோப்பு நம்பத்தக்கதாகிவிடாது. வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாகக் கூறும் விலைப்பட்டியல் வந்தால், கடிதத்தில் உள்ள எண்ணுக்கன்றி, முன்பே அறிந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்து உறுதிப்படுத்த வேண்டும். பணம் பறிபோயிருந்தால், உடனே தம் வங்கியையோ, 997 என்ற எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தையோ அழைக்க வேண்டும்.

அனுப்பும் பொத்தானை அழுத்தியதோடு எழுத்தரின் கடமை முடிந்துவிடுவதில்லை. காலவரையறையுள்ள தாள்களை அனுப்பிய அன்றே, "கோப்பு திறந்ததா? எத்தனை பக்கங்கள் உள்ளன?" என்று தொலைபேசியில் கேட்டறிய வேண்டும். இரண்டு நிமிடம் செலவாகும் இவ்வழக்கம், ஒரு கொள்கலனின் வாடகையையும் ஒரு குடும்பத்தின் இழப்பீட்டையும் காக்கக்கூடும்.