வெளிக்கதவின் இடுக்குகளும் அந்தமான் மழையும்

அந்தமான் நிகோபார் தீவுகளில் மழை நேராகப் பெய்வதினும் காற்றோடு சாய்ந்து பெய்வதே மிகுதி. மே மாதம் முதல் தென்மேற்குப் பருவக்காற்றும், பின்னர் வடகிழக்குப் பருவக்காற்றும் கொணரும் மழை ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். இம்மழைக்குப் பல கட்டடங்களில் கூரை ஈடுகொடுக்கிறது, வெளிக்கதவு ஈடுகொடுப்பதில்லை. பள்ளியின் நூல்களும் கிடங்கின் தானியமும் நனைவது பெரும்பாலும் கதவோரத்து இடுக்குகளினாலேயே.

இடுக்குச் சிறிது என எண்ணுதல் தவறு. 2 மீட்டர் உயரமும் 1 மீட்டர் அகலமும் உள்ள கதவின் சுற்றளவு 6 மீட்டர். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பின் அதன் பரப்பு 180 சதுர சென்டிமீட்டர். அதாவது, பக்கத்திற்கு 13 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சதுரத் துளைக்குச் சமம். மாணவர்கள் வகுப்பறைக் கதவையே அளந்து இதனைக் கணக்கிடலாம். நொடிக்கு 20 மீட்டர் வேகமுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 24 மில்லிமீட்டர் நீரைத் தூக்கி நிறுத்த வல்லது. ஆதலின் ஒரு விரற்கடை உயரமே உள்ள வாசற்படியை நீர் தாண்டுவதில் வியப்பில்லை.

குறை மரத்தினது அன்று. அந்தமான் படாக் உறுதியும் நிலைப்பும் வாய்ந்தது. ஆனால் எம்மரமாயினும் பச்சையாக இருக்கும்போதே நிலையாகப் பொருத்தினால், உலருங்கால் சுருங்கும். 10 சென்டிமீட்டர் அகல நிலைக்கால் 2 மில்லிமீட்டர் அளவு சுருங்குவது இயல்பு. அப்பொழுது நிலைக்கும் சுவருக்கும் இடையே பூசிய சாந்து விலகி நிற்கும். நிலையைச் சுவருடன் பிணைக்கும் இரும்புப் பட்டைகளைக் கொத்தனார் குறைத்துவிட்டாலோ, உப்பு நீங்காத கடல்மணலில் சாந்து குழைத்தாலோ கேடு விரையும். உப்பு ஈரத்தை ஈர்க்கும், இரும்பை அரிக்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் நிலைக்காலின் அடி உளுக்கத் தொடங்கும்.

ஆகையால் கதவுப் பலகையில் ரப்பர் பட்டை ஒட்டுமுன் நிலையின் ஓரத்தைச் சோதித்தல் வேண்டும். காற்றுள்ள நாளில் ஊதுவத்தியை அவ்வோரமாக மெல்ல நகர்த்தினால், புகை வளையும் இடமே பழுதுள்ள இடம். அங்கே தளர்ந்த சாந்தைச் சுரண்டி நீக்கி, துத்தநாகப் பூச்சுள்ள பட்டைகளால் நிலையை இறுக்கி, இடைவெளியை நல்லாற்று மணற் சாந்தால் ஆழம்வரை நிரப்புக. மரமும் சாந்தும் கூடும் விளிம்பில் மட்டும், வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் பசையை இடுதல் நன்று. மரம் சுருங்கி விரியும்போது சாந்து வெடிக்கும், பசை நீளும்.

அடுத்து வாசற்படி. அதன் மேற்பரப்பு வெளிப்புறம் சாய்ந்திருத்தல் வேண்டும். கதவின் அடியில் சரிவான மரச்சட்டம் ஒன்றைப் பொருத்தி, அச்சட்டத்தின் அடிப்பக்கத்தில் நீளவாட்டில் ஒரு பள்ளம் இழைத்தால் நீர் உள்ளே ஒழுகாமல் சொட்டிவிடும். வெளிப்புறம் திறக்கும் கதவைக் காற்றே நிலையோடு அழுத்திவிடும். உட்புறம் திறப்பதற்கு இவ்வசதி இல்லை.

எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுதலும் கேடே. இவ்வெப்ப ஈரநாட்டில் காற்றோட்டம் நின்றால் பூஞ்சணம் படரும். மேலுள்ள காற்றுச் சாளரங்கள் திறந்தே இருத்தல் வேண்டும்.

இவ்வேலைக்கு மழை குறைந்த பிப்ரவரி, மார்ச்சு ஏற்றவை. எனினும் அப்போது கதவை இடைவெளியின்றிப் பொருத்தினால் ஜூனில் அது உப்பிச் சிக்கிக்கொள்ளும். 2 மில்லிமீட்டர் விட்டு, அவ்விடைவெளியை ரப்பர் பட்டையால் மூடுக. இழைத்த விளிம்புகளுக்கு, குறிப்பாகத் தச்சர் பலரும் மறக்கும் அடிவிளிம்பிற்கு, அன்றே வண்ணம் பூசுக.