மனித வளர்ச்சியின் காலமுறையும் ஆயர் பணியும்

மனிதனுடைய உடலும் அறிவும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே சீராக வளர்வதாகவே நாம் பெரும்பாலும் எண்ணிவருகிறோம். நான்கு வயதில் பிள்ளையை ஞாயிறு பள்ளியில் சேர்க்கிறோம். பதின்பருவத்தில் திடப்படுத்தல் வகுப்பு நடத்துகிறோம். முதியோரை அவ்வப்போது வீட்டில் சந்தித்து ஜெபிக்கிறோம். இவ்வொழுங்கு நம் வசதியை ஒட்டி அமைந்ததேயன்றி, வளர்ச்சியின் இயல்பை ஆராய்ந்து அமைந்ததன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வானம் பார்த்த ஊர்களுக்குப் பணியாற்றச் செல்லும் இறையியல் மாணவர் அவ்வியல்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது. மழை பொய்த்த ஓராண்டு, பெரியவருக்குக் கடன்சுமையாய் வந்து பின் கழிந்து போகலாம். அதே ஆண்டில் கருவிலோ கைக்குழந்தைப் பருவத்திலோ இருந்த பிள்ளைக்கு அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் இழப்பாகிவிடக்கூடும். இது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மூளை முந்துகிறது

கருவுற்ற நான்கு வாரங்களுக்குள், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. தான் கருவுற்றிருப்பதைத் தாய் உறுதியாக அறியுமுன்னரே இது நடந்துவிடுகிறது. நடு மாதங்களில் நரம்பணுக்கள் பெருந்தொகையாய்த் தோன்றித் தத்தம் இடங்களுக்கு நகர்கின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு மையம், இம்மாதங்களுக்குரிய கருவின் மூளையை 5,132 நுண்வெட்டுப் படங்களால் விளக்கும் தொகுப்பொன்றை 2024 டிசம்பரில் வெளியிட்டது.

பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் எடையுள்ளது; வளர்ந்தவருடையது 1,300 முதல் 1,400 கிராம். இரண்டு வயதளவில் மூளை தன் முழு அளவில் நான்கில் மூன்று பங்கையும், ஆறு வயதளவில் பத்தில் ஒன்பது பங்கையும் எட்டிவிடுகிறது. அந்த ஆறு வயதில் உடலின் எடையோ வளர்ந்தவருடைய எடையில் மூன்றில் ஒரு பங்கேயாகும். வளர்ந்தவரிடத்தில் மூளை உடலாற்றலில் ஐந்தில் ஒரு பங்கைப் பெறுகிறது. ஐந்து வயதுக் குழந்தையிடத்தில் அது பாதியளவை நெருங்குகிறது. அப்பருவத்தில் உடல் மெல்ல வளர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எடை கூடுவது மட்டும் வளர்ச்சியன்று. நரம்பணுக்களிடையே இணைப்புகள் முதலில் மிகுதியாகத் தோன்றுகின்றன. பயன்படுபவை வலுப்பெறுகின்றன; பயன்படாதவை நீங்குகின்றன. ஆகவே உணவும், இரும்புச்சத்தும், அயோடினும் எவ்வளவு தேவையோ, பேச்சும் விளையாட்டும் அவ்வளவு தேவை.

2. தமிழ் மரபு கண்ட பருவங்கள்

இக்காலமுறையை நம் முன்னோர் கூர்ந்து நோக்கியிருந்தனர். பிள்ளைத்தமிழ் மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை பத்துப் பருவங்களை வகுக்கிறது. ஐந்தாம் மாதத்துச் செங்கீரையில் குழந்தை கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுகிறது. ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியில் கைகொட்டுகிறது. பின்னர் வருகைப் பருவத்தில் தளர்நடையிட்டு வருகிறது. முதலில் தலை, அடுத்துக் கை, அதன்பின் கால் என்னும் இவ்வரிசையையே, நரம்புகள் மேலிருந்து கீழாகக் கட்டுப்பாடு பெறுகின்றன என்று இன்றைய மருத்துவர் விளக்குகின்றனர். அப்பருவங்கள் இரண்டு வயதுக்குள் அடங்குவதும் எண்ணிப்பார்க்கத் தக்கது.

3. பின்னோக்கி நடந்த உணவுத் திட்டங்கள்

தமிழ்நாட்டின் உணவுத் திட்டங்களை ஆண்டு வரிசையில் நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவு பள்ளிப் பிள்ளைகளுக்கானது. அது பசித்த பிள்ளையைப் பள்ளிக்குக் கொணர்ந்தது. அதன் நன்மையை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் பிள்ளை பள்ளிக்கு வரும்போது மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. 1987இல் வந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் தாயின் கருவறை வரை சென்றது. பள்ளியிலிருந்து தொட்டிலுக்கும், தொட்டிலிலிருந்து கருவறைக்குமாகக் கவனம் பின்னோக்கி நகர்ந்ததை இதில் காண்கிறோம்.

இவ்வரிசையில் நமக்கு மிக நெருங்கியது, உலக வங்கியின் உதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமாகும். மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் செயற்படுத்தப்பட்ட அது, பின்னர் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்கும் பரவியது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள குழந்தைகள் மாதந்தோறும் நிறுக்கப்பட்டனர். எடை வளர்ச்சி அட்டையில் குறிக்கப்பட்டது. எடை உரியவாறு கூடாத குழந்தைக்கு மட்டும் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த உருண்டை தொண்ணூறு நாட்கள் அளிக்கப்பட்டது. எடை தேறியபின் அது நிறுத்தப்பட்டது. தாம் ஏழையாயிருந்தும் தம் பிள்ளைகளை நலமாய் வளர்த்த உள்ளூர்த் தாய்மாரே பணியாளராக விரும்பப்பட்டனர்.

இத்திட்டத்தின் நுட்பம் யாதெனில், மெலிந்தபின் உணவளிப்பதன்று, மெலியுமுன் கண்டறிவதே. இரண்டு மாதம் எடை கூடாத குழந்தை, தாயின் கண்ணுக்கு நலமாகவே தோன்றும். தராசுதான் முதலில் உண்மையைச் சொல்லும். பின்னாளில் இத்திட்டம் அங்கன்வாடி அமைப்போடு இணைந்தது. மாதந்தோறும் நிறுக்கும் வழக்கம் அங்கு இன்றும் தொடர்கிறது.

4. சோறும் சொல்லும்

உணவு மட்டும் போதுமா என்னும் வினாவுக்கு ஜமைக்கா நாட்டு ஆய்வொன்று விடை தருகிறது. 1980களின் நடுவில் அங்கு ஒன்பது முதல் இருபத்துநான்கு மாத வயதுள்ள, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தெரிந்துகொண்டனர். அவருள் சிலருடைய வீட்டுக்கு நலப்பணியாளர் இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் சென்று, குழந்தையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குக் கற்பித்தார். வீட்டில் செய்த எளிய பொம்மைகளே கருவிகள். இருபது ஆண்டுகளுக்குப் பின் நோக்கியபோது, அக்குழந்தைகள் ஏனையோரைவிட நான்கில் ஒரு பங்கு மிகுதியாகப் பொருளீட்டினர்.

கரிசல் நாட்டில் களையெடுப்புக் காலத்தில் கைக்குழந்தை மரநிழல் தொட்டிலில் கிடக்க, ஏழு வயது அக்காள் காவலிருப்பதை நாம் அறிவோம். அக்குழந்தைக்குச் சோறு மட்டுமன்று, சொல்லும் குறைகிறது. அக்காளுக்கோ பள்ளி குறைகிறது. வீட்டில் ஓய்ந்திருக்கும் பாட்டியின் தாலாட்டும் கதையும் வெறும் பொழுதுபோக்கல்ல. அவை மூளைக்கு உணவாகும்.

5. இளமையும் முதுமையும்

பதின்பருவத்தில் உடல் மீண்டும் விரைந்து வளர்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இது ஆண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முந்தியே தொடங்குகிறது. உணர்ச்சியை எழுப்பும் பகுதிகள் முன்னரே முதிர, விளைவை எண்ணி அடக்கும் நெற்றிப்புற மூளை இருபத்தைந்து வயதளவில்தான் முதிர்ச்சியடைகிறது. ஆகவே இளைஞரின் பதற்றத்தை உடனே கீழ்ப்படியாமை என்று பெயரிடுதல் முறையாகாது. மேலும், இரத்தச்சோகையுள்ள பெண்பிள்ளை நாளைய தாயாவாள். அவளுடைய உணவைக் கவனிப்பது அடுத்த தலைமுறையின் மூளையைக் கவனிப்பதாகும்.

முதுமையில் மூளை சிறிது சுருங்குகிறது. பெயர்களை நினைவுகூரும் விரைவு குறைகிறது. ஆயினும் சொல்வளமும் அனுபவத்தால் வந்த அறிவும் நெடுங்காலம் நிலைத்திருக்கின்றன. வந்தவரையே அடையாளம் அறியாத அளவுக்கு மறதி முற்றுவது முதுமையின் இயல்பன்று, அது நோய். சில வேளைகளில் கண்புரையும் காதுகேளாமையுமே அறிவு மழுங்கியதுபோல் தோன்றச் செய்யும். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடத்துக்கு ஒரு பாட்டியை அழைத்துச் செல்வதும் ஆயர் பணியேயாகும்.

6. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, ‘மந்தமான பிள்ளை’ என்னும் தீர்ப்பை நம் நாவினின்று நீக்குவோம். மனப்பாட வசனம் வராத பிள்ளையிடத்தில் சோம்பலைக் காணுமுன், அவன் பிறந்த ஆண்டின் விளைச்சலையும் தாயின் உடல்நிலையையும் வினவுதல் நேரிது. இரண்டாவது, கருவுற்ற தாயையும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையையும் வீடுசந்திப்பின் முதல் வரிசையில் வைப்போம். திருமுழுக்குக்கு நாள் குறிக்க வரும் பெற்றோரிடம் எடை அட்டையையும் கேட்கலாம். மூன்றாவது, அறுவடைக்கும் களையெடுப்புக்கும் உரிய வாரங்களில் ஆலய வளாகத்தைக் குழந்தைகளுக்குத் திறந்துவைத்து, மூத்த பெண்களைக் கதைசொல்ல அழைப்போம்.

இவ்வறிவைத் தாய்மாரைக் குற்றஞ்சாட்டும் கோலாக்கிவிடலாகாது. காலம் கடந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லவும் கூடாது. மூளை வாழ்நாள் முழுவதும் கற்கும் திறனுடையது. தொடக்கத்தில் எளிதாய் முடிவது பின்னர் மிகுந்த உழைப்பால் முடிகிறது என்பதே வேறுபாடு. லூக்கா நற்செய்தியாளர் இயேசுவின் இளமையைக் கூறும்போது, அறிவின் வளர்ச்சியையும் உடலின் வளர்ச்சியையும் பிரிக்காமல் ஒரே தொடரில் வைக்கிறார் (2:52). அவர் பிரிக்காததை நம் சபைப்பணியும் பிரிக்க வேண்டுவதில்லை.