வணிக விமானி உரிமம் (ஐக்கிய அமெரிக்கா)

வணிக விமானி உரிமம் என்பது வானூர்தி ஓட்டுவதற்கு ஊதியம் பெற ஒருவருக்கு இசைவளிக்கும் சான்றிதழ் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இதனைக் கூட்டரசு வான்பயண நிருவாகம் (எஃப்.ஏ.ஏ.) வழங்குகிறது. இவ்வுரிமம் விமானிக்கு உரியது. கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச்செல்லும் தொழிலை நடத்துவதற்கு வேறு சான்றிதழ் தேவை. தனியார் பறப்புகளில் இவ்விரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

தகுதிகள்

விண்ணப்பிப்பவர் 18 வயது நிறைந்தவராகவும் ஆங்கிலம் அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறவேண்டும். வானூர்திகளுக்குப் பொதுவாக 250 மணிநேரப் பறப்பு அனுபவம் தேவை. ஊதியத்திற்குப் பறக்க இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழும் வேண்டும். கருவிவழிப் பறப்புத் தகுதி இல்லாதவர் கட்டணப் பயணிகளை இரவில் ஏற்றிச்செல்லவோ, 50 கடல் மைலுக்கு (ஏறத்தாழ 93 கி.மீ.) மேற்பட்ட நெடும்பறப்பில் கொண்டுசெல்லவோ இயலாது.

தனியார் விமானி உரிமத்துடன் ஒப்பீடு

தனியார் விமானி உரிமம் உடையவர் பயணிகளை ஏற்றிச்செல்லலாம். ஆனால் அதற்கு ஊதியம் பெறலாகாது. எரிபொருள், எண்ணெய், வானூர்தி நிலையக் கட்டணம், வாடகை ஆகிய செலவுகளைப் பயணிகளுடன் பகிரலாம் எனினும், தமது சரிபங்கை அவரும் செலுத்தவேண்டும். ஊதியம் என்பது பணம் மட்டுமன்று. பிறர் செலவில் கிடைக்கும் பறப்பு நேரமும் ஊதியமாகக் கருதப்படக்கூடும்.

அனுமதிக்கப்படுபவை

வானூர்தி யாருடையது, பறப்பை யார் கட்டுப்படுத்துகிறார் என்பனவே முதன்மையான வினாக்கள். ஒரு வணிகர் தம் சொந்த வானூர்தியில் தாம் பயணஞ்செய்ய வணிக விமானி ஒருவரை ஊதியத்திற்கு அமர்த்தலாம். இங்கு விமானி தம் உழைப்பை மட்டுமே அளிக்கிறார். வானூர்தியின் பொறுப்பு உரிமையாளரைச் சார்ந்தது.

இவை தவிர, வான்வழி ஒளிப்படம் எடுத்தல், விளம்பரப் பதாகை இழுத்தல், குழாய்வழிகளைக் கண்காணித்தல் போன்ற பணிகளையும் வான்போக்குவரத்துச் சான்றிதழ் இன்றிச் செய்யலாம். ஒரே நிலையத்தில் புறப்பட்டு இறங்கும், 25 மைல் (ஏறத்தாழ 40 கி.மீ.) சுற்றளவுக்குட்பட்ட இடைநில்லாச் சுற்றுலாப் பறப்புகளுக்குத் தனி ஒப்புதல் மடல் பெறவேண்டும்.

அனுமதிக்கப்படாதவை

விமானி தம்மையும் வானூர்தியையும் சேர்த்து அளித்து, கட்டணம் பெற்று ஒருவரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசென்றால் அது போக்குவரத்துச் சேவையாகும். அதற்குப் பகுதி 119 இன் கீழ்ச் சான்றிதழ் வேண்டும். சிறு வானூர்திகள் பெரும்பாலும் பகுதி 135 விதிகளின்படி இயங்கவேண்டும். பராமரிப்பு, பயிற்சி, பணிநேரம் ஆகியவற்றில் இவ்விதிகள் கடுமையானவை.

பொதுமக்களுக்குத் தம் சேவை உண்டு என அறிவிப்பது பொதுப் போக்குவரத்தின் அடையாளம் ஆகும். இதற்கு விளம்பரம் கட்டாயமன்று. கேட்பவரை ஏற்றிச்செல்பவர் என்ற பெயரே போதும். செலவுப் பகிர்வுப் பறப்புகளை இணையவழி அறிவித்த விமானிகளுக்கும் இது பொருந்தும் என 2015 டிசம்பரில் வாசிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட ஓரிருவருக்கு மட்டும் ஒப்பந்தத்தின்பேரில் நடத்தப்படும் தனிப் போக்குவரத்துக்கும் பொதுவாகச் சான்றிதழ் தேவை.

எமிலியானோ சாலா விபத்து

இத்தகைய விதிகள் மீறப்படும்போது நேரக்கூடிய இழப்பை ஐரோப்பாவில் நிகழ்ந்த விபத்தொன்று காட்டுகிறது. 2019 சனவரி 21 இரவு, அர்கெந்தீனக் காற்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்சின் நாந்து நகரிலிருந்து கார்டிஃபுக்குச் சென்ற பைப்பர் மாலிபு வானூர்தி ஆங்கிலக் கால்வாயில் வீழ்ந்தது. அவரும் விமானியும் உயிரிழந்தனர். அவ்வானூர்தி அமெரிக்காவில் பதிவானது. விமானியிடம் வணிக உரிமமோ இரவுப் பறப்புத் தகுதியோ இருக்கவில்லை.

பிரித்தானிய வான்விபத்துப் புலனாய்வுப் பிரிவின் 2020 ஆம் ஆண்டு அறிக்கை, விமானி கட்டுப்பாட்டை இழந்ததாகவும், கசிந்த கார்பன் மோனாக்சைடு வளிமம் அவரைப் பாதித்திருக்கக்கூடும் எனவும் கூறியது. வணிகப் பறப்புகளுக்குரிய பாதுகாப்பு நெறிகள் பின்பற்றப்படவில்லை என்றும் அது சுட்டியது. பறப்பை ஏற்பாடு செய்தவருக்கு 2021 இல் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பயணிக்கு விமானியின் உரிமம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே கட்டணம் செலுத்துமுன், விமானியின் உரிமத்தோடு பறப்பை நடத்துபவரின் சான்றிதழையும் கேட்டறிவது இன்றியமையாதது.