நரம்பும் காந்தமும்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள மாகறல், திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற பழம்பதி. அவருடன் சென்று அவர் பாடல்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் எனப் பெரியபுராணம் கூறும். யாழில் நரம்பின் ஒலியைப் பெருக்குவது பத்தர் என்னும் உறுப்பு. மின்கிதாரில் அவ்விடத்தை ‘பிக்கப்’ என்னும் கருவியும் ஒலிபெருக்கியும் பெறுகின்றன. பிக்கப் என்பது காந்தமும், அதனைச் சூழ்ந்த மெல்லிய செப்புக்கம்பிச் சுருளுமாகும். எஃகுத் தந்தி அதிருங்கால் காந்தப்புலம் மாறுகிறது. அதனால் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. பெருக்கி அதனை ஒலியாக்குகிறது.

குதிரைக்கு அருகிலுள்ள பிக்கப் கூரிய ஒலியையும், கழுத்துக்கு அருகிலுள்ளது கனிந்த ஒலியையும் தரும். ஒற்றைச் சுருள் தெளிவாக ஒலிக்கும். ஆயினும் மின்னிரைச்சலையும் உடன் ஏற்கும். அவ்விரைச்சலை நீக்க, எதிரெதிராக அமைந்த இரட்டைச் சுருளை 1955-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்தார்.

இவற்றுள் ஒன்றைத் தேர்வது எங்ஙனம்? உரத்து ஒலிப்பது இனியதுபோல் தோன்றி, செவியை ஏமாற்றும். பொருள் கொடுத்தவர் பின்னர் வருந்துவர். ஆதலின் ஒரே பெருக்கியில், ஒலியளவைச் சமமாக்கி, ஒரே பண்ணை வாசித்து ஒப்பிடல் வேண்டும். பட்டுச்சேலை இரண்டினை ஒரே வெளிச்சத்தில் விரித்து நிறம் காண்பது போன்றதே இது. பிறவெல்லாம் சமமான பின்னரே உண்மையான வேற்றுமை விளங்கும். எப்பொருளை ஆராய்வோர்க்கும் இதுவே ஏற்ற நெறியாகும்.