சாயக் கழிவுநீரும் சீரான ஓட்டமும்

நூலுக்குச் சாயம் தோய்க்கும் நெசவாளரும் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர். கிணற்று நீரை நம்பிப் பயிரிடும் விவசாயியும் அங்கத்தினர். ஒருவருடைய சாயச்சாலை நீர் மற்றவருடைய நிலத்தைக் கெடுக்குமாயின், முடிவில் நஷ்டம் இருவருக்குமே. நொய்யல் நதி மாசுற்ற வழக்கில், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயச்சாலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதை அங்கத்தினர்கள் அறிவார்கள். ஆகவே, கழிவுநீர் எவ்வாறு சுத்தி செய்யப்படுகிறது, அம்முறை எப்போது தவறுகிறது என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் ஓர் உண்மையை வெளியிட்டனர். கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, அடியில் படியும் சேற்றை எறிந்துவிடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், நீர் விரைவில் தூய்மையடையும் என்பதே அது. அச்சேறு நுண்ணுயிர்களின் திரளாகும். காற்றுத் தொட்டியில் அவை அழுக்கை உண்ணுகின்றன. அடுத்த தெளிவுத் தொட்டியில் படிகின்றன. படிந்த சேறு மீண்டும் முதல் தொட்டிக்கே அனுப்பப்படுகிறது.

இந்த உயிர்கள் மிகுந்த அழுக்கையும் சமாளிக்கும். திடீர் வெள்ளத்தைச் சமாளிப்பதுதான் கடினம். ஒரு கணக்கைப் பார்ப்போம். காற்றுத் தொட்டியின் கொள்ளளவு 2,40,000 லிட்டர். நாள் ஒன்றுக்கு வரும் கழிவுநீரும் அதே அளவு என்று கொள்வோம். மணிக்கு 10,000 லிட்டராக வந்தால் நீர் 24 மணி நேரம் தங்கும். அதே நீர் முழுவதும் 8 மணி நேரத்தில் வந்துவிட்டால், தங்கும் நேரமும் 8 மணியாகக் குறையும். அழுக்கு அரைகுறையாகவே நீங்கும். அதனினும் பெரிய தீங்கு, தெளிவுத் தொட்டியில் நீர் மும்மடங்கு வேகத்தில் எழும்பிச் சேற்றையும் வெளியே அடித்துச் செல்வதாகும்.

தீபாவளிக்கு முன்னர் ஒரு சாயச்சாலைக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். அவசர வேலை முடிந்ததும் எல்லாத் தொட்டிகளையும் ஒரே வேளையில் திறந்துவிட்டனர். மறுநாள் காலையில் தெளிவுத் தொட்டியின் விளிம்பில் பழுப்புச் சேறு வழிந்துகொண்டிருந்தது. இயந்திரம் பழுது என்று எல்லோரும் எண்ணினர். இயந்திரத்தில் குறையொன்றுமில்லை, வேலை செய்யும் உயிர்களே வெளியேறிக்கொண்டிருந்தன! அவை பழைய அளவுக்குப் பெருகப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள்கூட ஆகும்.

பரிகாரம் எளிது. முதலில் ஒரு சமநிலைத் தொட்டி வேண்டும். மேற்கண்ட கணக்கின்படி, மணிக்கு 30,000 லிட்டர் வரும்போது 10,000 லிட்டரை மட்டும் வெளியே விட்டால், 8 மணி நேரத்தில் 1,60,000 லிட்டர் தேங்கும். அவ்வளவு கொள்ளளவும், அதற்கு மேல் சிறிது இடமும் இருந்தால் போதும். காரமும் அமிலமும் அங்கேயே கலந்து ஓரளவு தணியும் என்பது கூடுதல் நன்மை. மழை வெள்ளம் வரும்போது, கழிவுநீரைக் காற்றுத் தொட்டியின் கடைப்பகுதியில் சேர்த்தால், தலைப்பகுதியிலுள்ள சேறு பத்திரமாக இருக்கும். விடுமுறை நாட்களிலும் காற்றை நிறுத்தலாகாது. தேக்கிவைத்த நீரைச் சிறிது சிறிதாக விட்டுவந்தால் உயிர்கள் பட்டினியின்றிப் பிழைக்கும்.

சாய நீரிலுள்ள உப்பை நுண்ணுயிர்கள் நீக்கமாட்டா; நிறத்தையும் முழுவதும் போக்கமாட்டா. அவற்றுக்கு வேறு முறைகள் தேவை. ஆனால் முதற்படியே குலைந்தால் பின்வரும் படிகளும் பயன்படா. ஆதலால், சாயத் தொட்டிகளை முறைவைத்துத் திறப்பதென்று நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானிப்பார்களாக. அதற்குச் செலவு ஏதுமில்லை; விவசாய அங்கத்தினரின் கிணறு அதனால் காக்கப்படும்.