நீரிணைப் பயணத்துக்கு எந்தக் கேமரா?

கிள்ளான் துறைமுகத்திலிருந்து குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போகும்போது எந்தக் கேமராவை எடுத்துப்போவது என்பதைத் தூரம், ஒளி, ஈரம் ஆகியவை முடிவு செய்கின்றன. கடைகளில் முதல் இரண்டைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். ஆனால் மலாக்கா நீரிணையில் படத்தையும் கருவியையும் அதிகமாகக் கெடுப்பது மூன்றாவதுதான்.

இங்கிருந்து கிளம்பும் பயணங்கள் பெரும்பாலும் குறுகியவை. இரண்டு முதல் நான்கு இரவுகளுக்குள் பினாங்கு, லங்காவி, பூக்கெட், அல்லது தெற்கே சிங்கப்பூர் போய்த் திரும்பலாம். கப்பல் முனையம் இருப்பது புலாவ் இண்டா தீவில்; முன்பு அதன் பெயர் புலாவ் லூமுட். 1993-ல் தொடங்கிய ஸ்டார் குரூசஸ் நிறுவனத்தின் கப்பல்களுக்காக 1990களில் அந்த முனையம் எழுந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களுக்குக் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் கிடைக்கும் என்றாலும் அது பெலாபுஹான் கிள்ளான் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து பாலம் தாண்டித் தீவுக்குக் காரில்தான் போக வேண்டும். முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு, சில மணி நேரம் கழித்தே அறை வாசலில் வைப்பார்கள். அதனால் கேமரா தோளில் தொங்கும் சிறிய பையில் அடங்க வேண்டும். ஒரு கை குழந்தையைப் பிடிக்கவோ பெரியவர்களைத் தாங்கவோ காலியாக இருக்க வேண்டும். உடலும் லென்ஸ்களும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் அந்தப் பை இரண்டாம் நாள் அறையிலேயே தங்கிவிடும்.

கப்பலில் தூரங்கள் இரண்டு வகை: மிக அருகில், அல்லது மிகத் தொலைவில். நடுத்தரத் தூரம் குறைவு. கணக்குப் போட்டால் இது தெளிவாகும். முழுச்சட்டக சென்சாரின் அகலம் 36 மி.மீ. அதில் 24 மி.மீ. லென்ஸைப் பொருத்தி இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் 3 மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். சிறிய அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேரை எடுக்க அது போதும். அதே இடத்தில் 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 1.4 மீட்டரை மட்டுமே காட்டும்; ஓரத்தில் இருக்கும் மாமாவும் அத்தையும் வெட்டுப்படுவார்கள். கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் ஏறக்குறைய 24 மி.மீ.க்கு இணையானது. அறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் கைப்பேசியே நன்றாக உதவுவதற்கு இதுவே காரணம்.

தொலைவு வேறு கதை. லங்காவி, பேராக் கரையோர நீரில் வாழும் கூன்முதுகு டால்பின் ஏறத்தாழ 2.5 மீட்டர் நீளம் இருக்கும். அது 100 மீட்டர் தள்ளித் தலைகாட்டினால், கைப்பேசியின் முதன்மை லென்ஸில் படத்தின் அகலத்தில் அறுபதில் ஒரு பங்குதான் தெரியும். ஒரு கறுப்புப் புள்ளி. 300 மி.மீ. லென்ஸில் அதே டால்பின் ஐந்தில் ஒரு பங்கை நிரப்பும். ஏபிஎஸ்-சி வகைச் சிறிய சென்சார் உள்ள கேமராவில் 200 மி.மீ. லென்ஸே 300 மி.மீ. போல வேலை செய்யும். இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 150 மி.மீ. போதும். குடும்பப் பயணத்துக்கு முழுச்சட்டகக் கேமராவைவிட இந்தச் சிறிய சென்சார்களே பொருத்தம். தொலைவை எட்டும் லென்ஸ் அவற்றுக்குக் கைக்கு அடக்கமாகக் கிடைக்கிறது. தொலைவு லென்ஸுக்கு வேலை கப்பல் கிளம்பும்போதே தொடங்கிவிடும். சரக்குத் துறையின் பாரந்தூக்கிகள், புலாவ் கெத்தாம் பக்கத்துச் சதுப்புக்காட்டுத் தீவுகள், அவற்றின் மேல் வட்டமிடும் செம்பருந்துகள் எல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் கடந்துபோகும்.

ஆனாலும் பயணத்தின் முக்கியமான படம் பறவையோ டால்பினோ அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் குடும்பங்களில் கப்பல் என்றதும் மூத்தவர்கள் நினைப்பது ரஜுலாவை. 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம். சிறுவயதில் அதன் மேல்தளத்தில் வந்திறங்கிய பாட்டி இப்போது பேரப்பிள்ளைகளோடு அதே நீரிணையில் போகிறார் என்றால், அவருடைய முகம் சரியாக விழுவதற்கு ஏற்பவே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடலின் முன் நிற்கும் முகத்தை எடுப்பது எளிதல்ல. கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதையெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது. பின்னால் வானமும் நீரும் பளபளத்தால், வெளிச்சம் மிகுதி என்று எண்ணிப் படத்தையே இருட்டாக்கிவிடும். மாநிறமும் கறுப்புமான முகங்கள் இதில் முதலில் அடிபடுகின்றன. கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் படங்கள் இப்படித்தான் உருவாகின்றன. குறை முகத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. எக்ஸ்போஷர் ஈட்டை +0.7 அல்லது +1 என்று கூட்டினால் முகம் தெளியும். கைப்பேசியில் முகத்தைத் தொட்டு, திரையில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் அதே பயன் கிடைக்கும். வானம் கொஞ்சம் வெளுத்துப்போகும், போகட்டும்.

சிறிய பிளாஷ் இதற்கு உதவும் என்று நினைத்து வாங்குகிறார்கள். நண்பகலில் அது உதவாது. பெரும்பாலான கேமராக்களில் சாதாரண பிளாஷ் 1/200 அல்லது 1/250 வினாடிக்கு மேல் இசையாது. அந்த வேகத்தில் உச்சி வெயிலைச் சமாளிக்க லென்ஸ் துளையை எஃப் 11 வரை சுருக்க வேண்டும். வழிகாட்டி எண் (பிளாஷின் வலிமையைக் குறிக்கும் எண்) 10 உள்ள குட்டி பிளாஷ் அப்போது ஒரு மீட்டருக்குள்தான் எட்டும். கப்பலிலேயே அதைவிட நல்ல விளக்கு இருக்கிறது. மேல்தளங்களின் சுவர்கள் பெரும்பாலும் வெள்ளைப் பூச்சு. கூரையின் நிழலில் ஆளை நிறுத்தி, வெயில் படும் வெள்ளைச் சுவரை நோக்கி முகத்தைத் திருப்பச் சொன்னால், சுவரில் பட்டுத் திரும்பும் மென்மையான ஒளி முகம் முழுவதும் பரவும். ஸ்டூடியோக்காரர் குடை பிடித்து உண்டாக்கும் ஒளி இது. பிளாஷை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

மாலை வெளிச்சம் இங்கே குறுகிய நேரமே நிற்கும். கிள்ளான் துறைமுகம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருப்பதால் சூரியன் ஏறத்தாழ நேர்க்கோட்டில் கீழே இறங்குகிறது. ஆண்டு முழுவதும் மாலை 7 மணிக்கும் 7.30-க்கும் இடையே மறையும். அதற்குப் பின் பயனுள்ள அந்தி வெளிச்சம் 20 நிமிடத்தைச் சற்றே தாண்டும். லண்டன் கோடையில் அது முக்கால் மணி நேரத்துக்கும் மேல். பினாங்கை நோக்கி வடக்கே போகும் கப்பலில் சூரியன் இடப்பக்கம் மறையும், சிங்கப்பூரை நோக்கிப் போனால் வலப்பக்கம். அந்த 20 நிமிடத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. அகலத்திலிருந்து தொலைவு வரை போகும் ஒரே ஜூம் லென்ஸ் கேமராவில் இருந்தால் போதும்.

அந்த ஜூமுக்கு ஒரு குறை உண்டு. நீட்டிய நிலையில் அதன் துளை எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். சாப்பாட்டுக் கூடத்தில், கலையரங்கில், பிறந்தநாள் மெழுகுவர்த்திக்கு முன்னால் அது திணறும். எஃப் 1.8 துளையுள்ள சிறிய லென்ஸ் அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஜூம் 1/15 வினாடி கேட்கும் இடத்தில் இதற்கு 1/125 போதும். ஓடி ஆடும் குழந்தையின் கை மங்காமல் இருக்க வேண்டிய வேகம் அது. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு எடுப்பவரின் கைநடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும். குழந்தையின் ஓட்டத்தை நிறுத்தாது. இந்த வேறுபாடு தெரியாமல் விலையுயர்ந்த ஜூமை வாங்கிவிட்டு, மேசையைச் சுற்றி மங்கிய படங்களோடு திரும்புபவர்கள் பலர். முழுச்சட்டகத்தில் 50 மி.மீ., ஏபிஎஸ்-சியில் 35 மி.மீ., இரண்டுமே மலிவானவை, எடை குறைந்தவை. பாட்டியின் முகத்துக்கும் இதே லென்ஸ்தான் சிறந்தது.

இரவில் கரை விளக்குகளை எடுக்க டிரைபாட் வேண்டும் என்ற எண்ணம் தரையில் சரி, கப்பலில் தவறு. மணிக்கு 18 கடல்மைல் வேகத்தில் போகும் கப்பல் ஒரு வினாடியில் 9 மீட்டருக்கு மேல் நகர்கிறது. கால் வினாடி திறந்துவைத்தால், அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விளக்கு 50 மி.மீ. லென்ஸில் ஏறத்தாழ 40 படப்புள்ளிகள் இழுபட்டுக் கோடாகும். இயந்திரத்தின் அதிர்வும் தளத்தின் வழியாக டிரைபாட்டின் காலில் ஏறும். அதைத் தூக்கிப்போவதைவிட கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ-வைக் கூட்டிக் கையிலேயே எடுப்பது மேல்.

இனி ஈரம். குளிரூட்டிய அறையில் வெப்பம் 22 பாகை செல்சியஸ் என்று கொள்வோம். வெளியே 31 பாகை, காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு. அத்தகைய காற்றில் உள்ள நீராவி 27 பாகைக்குக் கீழ் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீராகப் படியும். அறையிலிருந்து வரும் லென்ஸ் 22 பாகையில் இருப்பதால் கதவைத் திறந்த மறுகணமே கண்ணாடி வெளுத்துவிடுகிறது. துடைத்தால் பயனில்லை, மீண்டும் படியும். உள்ளே நுழைந்த ஈரமோ நெடுநேரம் தங்கும். அறையை விட்டுக் கிளம்பும் முன்பே கேமராவை ஜிப் போட்டு மூடும் பிளாஸ்டிக் பையில் அடைத்துவிட வேண்டும். பைக்குள் இருப்பது அறையின் உலர்ந்த காற்று. வெளியே வந்தபின் நீர் பையின் வெளிப்புறத்தில் படியும், கண்ணாடியில் அல்ல. 20, 30 நிமிடத்தில் கேமரா வெளிவெப்பத்துக்கு வந்துவிடும், பிறகு திறக்கலாம். சூரியன் மறைவதை எடுக்க நினைப்பவர் 6.30-க்கே பையோடு மேல்தளத்துக்குப் போய்விட வேண்டும். சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் இந்தப் பை, பல விலையுயர்ந்த துணைக்கருவிகளைவிட அதிகம் உதவும்.

ஈரத்தோடு உப்பும் வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அதிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். நீரிணைக் காற்று பல வேளைகளில் அந்த அளவைத் தாண்டியே இருப்பதால், கேமராவின் மேல் படிந்த உப்புத் துகள் மின்சாரம் கடத்தும் உப்புநீராகிப் பொத்தான் இடுக்குகளில் இறங்குகிறது. லென்ஸை ஒருபோதும் திறந்த தளத்தில் மாற்றக் கூடாது. ஊரில் தேவையற்ற யூவி கண்ணாடி இங்கே லென்ஸின் முகப்பைக் காக்கும். ஒவ்வொரு இரவும் நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, பிறகு உலர்துணியால் ஒற்ற வேண்டும். உலர்துணியை முதலில் போட்டால் உப்புத் துகள் கீறல் விடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலில் திடீரெனப் பாயும் சுமத்ராப் புயற்காற்றுகளுக்கு ஒரு மழை உறையும் பையில் இருக்கட்டும்.

நீச்சல்குளத்துக்கும் லங்காவி அருகே புலாவ் பாயாரின் பவளப் பாறைகளுக்கும் நல்ல கேமராவை எடுத்துப்போவது வீண் துணிவு. ஐபி 68 என்று அச்சிட்ட கைப்பேசியும் நல்ல நீரில்தான் சோதிக்கப்பட்டிருக்கிறது. கடல்நீருக்கும் குளோரினுக்கும் அந்த உறுதி பொருந்தாது. 2023-ல் வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போன்ற சிறிய கேமராக்கள் உறையின்றி 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். நீரில் விளையாடும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இரண்டாவது கேமராவாக இதைப் பரிந்துரைக்கலாம்.

வட்ட போலரைசர் ஒன்றும் பயன் தரும். அது நீர்ப்பரப்பின் பளபளப்பை, பரப்பிலிருந்து 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது மிக நன்றாக அகற்றுகிறது. லங்காவியின் பச்சை நீர் அப்போது அடிவரை தெரியும். வானம் மிக அதிகமாகக் கறுப்பது சூரியனுக்குச் செங்கோணமான திசையில். மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு மேல் நிற்பதால், அந்தத் திசை தொடுவானத்தைச் சுற்றி ஒரே சீராக அமைகிறது. ஆனால் எந்தக் கண்ணாடியும் சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டத்தை அகற்றாது. அந்த நாள்களில் தொலைவை விட்டுவிட்டு அருகில் இருக்கும் முகங்களை எடுப்பதே நல்லது.

மின்செருகிகள் கப்பலுக்குக் கப்பல் வேறுபடும். மலேசியாவின் மூன்று முனைச் செருகி எல்லா இடத்திலும் பொருந்தாது. உலகப் பொது அடாப்டர் ஒன்றும், பல யூஎஸ்பி வாய்கள் உள்ள சார்ஜர் ஒன்றும் போதும். மின்னெழுச்சித் தடுப்பு உள்ள நீட்டிப்பு வயர்களைப் பல நிறுவனங்கள் தடைசெய்கின்றன. டிரோனும் பெரும்பாலும் அனுமதியில்லை. சூதாட்டக்கூடத்தில் கேமராவைத் தூக்கவே கூடாது. வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் 4கே காணொளி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி செலவாகும். ஒரே பெரிய கார்டைவிட 64 ஜிபி கார்டுகள் இரண்டு பாதுகாப்பானவை.

இப்படிச் சேர்த்தால் பையில் இருப்பவை: ஏபிஎஸ்-சி அல்லது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா ஒன்று, 18-லிருந்து 135 அல்லது 200 மி.மீ. வரை போகும் ஜூம் அல்லது அதற்கு இணையானது, எஃப் 1.8 லென்ஸ், பேட்டரிகள் இரண்டு, போலரைசர், ஜிப் பைகள். கைப்பேசி எப்படியும் உடன் வரும். புதிதாக வாங்கிய கருவியைக் கப்பலில் முதன்முதலாகத் திறக்கக் கூடாது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ இருட்டிய பின் ஒரு மணி நேரம் நடந்து, பூக்கடை விளக்கில் வீட்டாரின் முகங்களை எடுத்துப் பார்த்தால், எந்த ஐஎஸ்ஓ-வில் படம் பொரிப்பொரியாகத் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

திரும்பிய அன்றே லென்ஸ்களைப் பையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்த லென்ஸில் பூஞ்சை இழை விட்டுப் பரவும்; அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்த பின் துடைத்தாலும் தடம் போகாது. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைக்கும் மின் உலர்பெட்டி கிள்ளான் பள்ளத்தாக்கில் லென்ஸ் வைத்திருக்கும் வீட்டுக்கு அவசியம். அது இல்லாதவர்கள் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லைப் போட்டு வைத்து, அதன் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.